சிரிப்புக்குக் கயிறு கட்டியவன் நான்

மூன்றாம் வகுப்பைப் பாதியில் விட்டவன் நான். அந்தப் பாதிப் படிப்பை வைத்துக்கொண்டு என்னவெல்லாம் செய்தேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நடுவில் யாரும் சந்தேகம் கேட்கவேண்டாம். கரமனையில் ஆற்றைப் பார்த்து மாடிவீடு கட்டினேன். தம்பிகள் இருவரைக் கரையேற்றினேன். ஒருவன் வக்கீல், மற்றவன் வக்கீலுக்கு ஓயாமல் வேலை கொடுக்கிற வியாபாரி. மகளை டாக்டருக்குப் படிக்கவைத்தேன். நாஞ்சில் நாட்டிலிருந்து தலையில் துண்டோடு வந்தவனுக்குத் திருவனந்தபுரத்தில் யார் வீடு தருவார் என்று சிரித்தவர்கள் இருந்தார்கள். அவர்களில் ஒருவருடைய பேரன் இன்று என் மாடியில் குடியிருக்கிறான், நல்ல பையன். மலையாளம் பேசுவேன். இங்கிலீஷில் என்னைத் திட்டினால் எந்த இடத்தில் தலையாட்டவேண்டும் என்று தெரியும். இவை எல்லாம் சின்ன விஷயம். பெரிய விஷயம் ஒன்று உண்டு. இந்த ஊர் வானொலியில் மனிதர்கள் வாய்விட்டுச் சிரிக்கிற சத்தத்தை முதன்முதலில் காற்றில் ஏற்றியவன் நான்தான்.

இதை இப்போது எழுதுவதற்குக் காரணம் என் மருமகன். போன மாதம் மகள் வீட்டில் டெலிவிஷனில் ஏதோ நகைச்சுவைத் தொடர் ஓடிக்கொண்டிருந்தது. யாராவது வாயைத் திறந்தால் உடனே ஒரு கூட்டம் சிரித்தது. கதவைத் திறந்தால் சிரித்தது, காப்பி குடித்தால் சிரித்தது. கொஞ்சம் காதைக் கொடுத்துக் கேட்டேன். ஒவ்வொரு தடவையும் கூட்டத்தில் அதே பெண் கடைசியில் மூச்சு வாங்குகிறாள், அதே ஆள் அதே இடத்தில் செருமுகிறான். கூட்டத்தை மாற்றவே மாட்டார்களா என்று கேட்டேன். அது கூட்டமே இல்லை, மெஷினில் வைத்திருக்கிற சிரிப்பு, வேண்டியபோது தட்டிவிடுவார்கள் என்று மருமகன் சொன்னார். எனக்கு அன்று சோறு இறங்கவில்லை. உங்கள் காலத்தில் எப்படி மாமா என்று அவர் கேட்டார். சொன்னேன். இங்குள்ள தமிழர் சங்கத்து மலருக்கு எழுதுங்கள் என்றார். எழுதுகிறேன்.

சுதந்திரம் கிடைத்த சமயம் நான் சாலைக் கம்போளம் என்கிற பெரிய கடைத்தெருவில் சுமடு தூக்கிக்கொண்டிருந்தேன். மிளகு, சுக்கு, கருப்புக்கட்டி, எது வந்தாலும் என் தலைதான். ஒருநாள் வானொலி நிலையத்துக்கு ஒரு பியானோ வந்து இறங்கியது. படியேற்ற ஆள் வேண்டுமென்று சாலைக்கு வந்து கேட்டார்கள். நாலு பேரைக் கூட்டிக்கொண்டு போனேன். பியானோ என்பது என்னவென்று எனக்குத் தெரியாது. ஆனால் உள்ளே கம்பி இருக்கிறது, குலுங்கினால் அழும் என்பது தொட்டவுடன் தெரிந்தது. கீழே சாக்கைப் போட்டு, பக்கத்துக்கு இரண்டு பேராக, மூச்சை ஒன்றாக விட்டு ஏற்றினோம். மேலே கொண்டுவைக்கிறவரைக்கும் ஒரு கட்டைகூட முனகவில்லை. வாசலில் கறுப்புக் கோட்டு போட்ட ஒருவர் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். என்னிடம் வந்து, "சத்தம் போடாம வேலை செய்யத் தெரிஞ்சவன்தான் எங்களுக்கு வேண்டியதாக்கும். நாளைக்கு வா" என்றார். பயிற்சி, பரீட்சை எல்லாம் அவ்வளவுதான்.

அவர்தான் எங்கள் நிகழ்ச்சி அதிகாரி. வலியசாலைக்காரர். அய்யர் சார் என்று எல்லோரும் சொல்வோம். மேடமாதத்துப் புழுக்கத்திலும் கழுத்துவரை பொத்தான் போட்ட அந்தக் கோட்டைக் கழற்றமாட்டார். வலியசாலைத் தெருக்களில் பெட்டிச் சாவியைப் பூணூலில் முடிந்துகொள்கிற பழக்கம் உண்டு. அய்யர் சார் ஸ்டாப்வாட்ச்சை முடிந்திருந்தார். நேரம் பார்க்கவேண்டுமென்றால் மேல்பொத்தான் இரண்டைக் கழற்றி, நெஞ்சுக்குள் கையை விட்டு, முகத்தைச் சுளித்துத் தேடி எடுப்பார். முதல்முதலாக வந்த வீணைக்காரர் ஒருவர், அதிகாரிக்கு மாரடைப்பு வந்துவிட்டது என்று பயந்து வாசிப்பை நிறுத்தப்போனார். நான் பின்னாலிருந்து கைகாட்டியிராவிட்டால் அன்றைக்குக் கச்சேரி போயிருக்கும்.

அய்யர் சார் ஒருநாளும் குரலை உயர்த்தியதில்லை. தப்பு நடந்தால் பக்கத்தில் வந்து நின்று, "இது வேண்டியதாக்குமோ?" என்று மட்டும் கேட்பார். அந்தக் கேள்விக்கு யாராலும் பதில் சொல்ல முடியாது. எஞ்சினியர்கூட மேஜைக்கு அடியில் எதையோ தேடுவதுபோலக் குனிந்துகொள்வார்.

அந்தக் காலத்து ஸ்டுடியோவைப் பற்றி இப்போதுள்ள பிள்ளைகளுக்குச் சொன்னால் நம்பமாட்டார்கள். பதிவுசெய்து வைத்துப் பிறகு போடுகிற வழக்கம் எங்கள் நிகழ்ச்சிக்குக் கிடையாது. பேசினால் பேசியதுதான், அந்த நொடியே நாகர்கோவிலில் கேட்கும். சிவப்பு விளக்கு எரிந்தால் தும்மக்கூடாது. மின்விசிறியை நிறுத்திவிடுவோம், ஓடினால் மைக்கில் புயலடிக்கிற மாதிரி விழும். செருப்பெல்லாம் வாசலோடு சரி. தாளைப் புரட்டினால் சலசலக்கும் என்பதால் வசனத்தாள்களைச் சேர்த்துத் தைக்கமாட்டார்கள். ஒவ்வொரு தாளாகப் படித்து, படித்ததை அப்படியே தரையில் நழுவவிடுவார்கள். விழுந்த தாளைப் பூனைபோலப் போய்ப் பொறுக்குவது என் வேலை. நாற்காலி போடுவது, மைக்கை நகர்த்துவது, மிருதங்கக்காரர் மைக்கை நெருங்கினால் பின்னாலிருந்து சட்டையைப் பிடித்து இழுப்பது, இவையும் என் வேலைதான்.

இன்னொரு சட்டம் முக்கியம். முன்கூட்டியே பார்த்து ஒப்புதல் கொடுத்த சொல்லைத் தவிர வேறு ஒரு சொல் மைக்கில் விழக்கூடாது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அய்யர் சார் உட்கார்ந்திருப்பார். ஒரு கைவிரல் வசனத்தாளில் வரி வரியாக ஊரும். மறுகை ஒலியை அடைக்கிற திருகின் மேல் இருக்கும். சொல் தடம் மாறினால் திருகிவிடலாம். திருகினால் ஆள் போய்விட்டான் என்று அர்த்தம், அடுத்த வாரம் அவனுக்கு மைக் கிடையாது.

சனிக்கிழமை மாலையில் எங்கள் நிகழ்ச்சி. பெயர் 'சாயங்காலச் சந்தை'. நாஞ்சில் நாடு அப்போது திருவிதாங்கூர்க் கொச்சியில் இருந்ததால் அங்குள்ளவர்களுக்கும் இங்குள்ள தமிழர்களுக்கும் சேர்த்துத் தமிழில் நடத்தினார்கள். ஒரு சந்தைக்குள் நடக்கிற கதைபோல அமைத்திருந்தார்கள். காய்க்கடைக்காரர் வேடிக்கை பேசுவார், நடுவில் பாட்டு வரும், பிறகு யானைப் பாகன், குடை ரிப்பேர்க்காரர் என்று ஒரு ஆளைக் கூப்பிட்டுப் பேசவைப்பார்கள், மறுபடியும் வேடிக்கை. அந்தக் காய்க்கடைக்காரர்தான் கோலப்பன்.

கோலப்பன் நாடகக் கம்பெனியில் முப்பது வருஷம் ஜோக்கராக இருந்தவர். கம்பெனி கலைந்த பிறகு கையில் ஒன்றுமில்லாமல் இருந்தவரை அய்யர் சார்தான் தேடிப்பிடித்துக் கூட்டிவந்தார். கோலப்பன் நாகர்கோவிலிலிருந்த தம் குடும்பத்தைக் கரமனைக்குக் கொண்டுவந்து, மகளுக்கு ஒரு சம்பந்தமும் பேசி முடித்திருந்தார். மாப்பிள்ளை வீட்டார் கூத்தாடி வீட்டில் பெண் எடுப்பதா என்று முதலில் தயங்கினார்களாம். இவர் இப்போது ரேடியோ உத்தியோகஸ்தர், நிரந்தரம் என்று யாரோ சொன்னபிறகுதான் சம்மதித்தார்கள். நிரந்தரம் எல்லாம் ஒன்றுமில்லை. நிகழ்ச்சி இருக்கிறவரைக்கும் கோலப்பன் இருப்பார். அது கோலப்பனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஏனென்றால் நானும் அந்த வகைதான்.

ஆரம்பத்தில் பார்வையாளர் கிடையாது. கேட்டவர்கள் எல்லாம், நல்லாத்தான் இருக்கிறது, ஆனால் கிணற்றுக்குள் உட்கார்ந்து பேசுகிற மாதிரி இருக்கிறது என்றார்கள். உடனே அய்யர் சார் ஸ்டுடியோவில் நாற்காலி போடச் சொல்லி, கரமனை, வலியசாலை, கோட்டைக்ககம் என்று பெரிய மனிதர்களை அழைத்தார். வேட்டி, நேரியல், பட்டுப்புடவை என்று வந்து உட்கார்ந்தார்கள். சிவப்பு விளக்கு எரிந்தது. கோலப்பன் ஆரம்பித்தார். ஒருவர் சிரிக்கவேண்டுமே! கோயில் நடை திறக்கக் காத்திருப்பவர்கள்போல இருந்தார்கள்.

ஜோக்கர் வசனம் ஊஞ்சல் மாதிரி. ஒரு தள்ளு தள்ளிவிட்டு, அது போய்த் திரும்பி வரும்வரை நிற்கவேண்டும், வந்ததும் அடுத்த தள்ளு. சிரிப்பு வந்தால்தான் ஊஞ்சல் திரும்பிவரும். கோலப்பன் தள்ளிவிட்டு நிற்கிறார், வரவில்லை. இன்னும் கொஞ்சம் நிற்கிறார், வரவில்லை. அதற்குள் எதிரில் நடிக்கிற பெண் தன் வசனத்தைத் தொடங்கிவிட்டாள். இவர் பதறி அதன்மேல் ஏறி விழுந்தார். வேர்வை அவர் மூக்கு நுனியிலிருந்து வசனத்தாளில் சொட்டியதை நான் பார்த்தேன். நிகழ்ச்சி முடிந்ததும் வெளியே பலாமரத்தடியில் உட்கார்ந்துவிட்டார்.

"எழவு வீட்டிலகூட ஒருத்தனாவது இருமுவான் தாணு," என்றார் என்னிடம். "இது அதுக்கும் மேல. என்னால ஒக்காதுடே."

அன்றைக்கு நான் ஒரு காரியம் தீர்மானித்தேன். சிரிக்கத் தெரிந்தவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். நேராகச் சாலைக்குப் போனேன். என்னோடு சுமடு தூக்கியவர்கள், கடைப் பையன்கள், பூக்கட்டுகிற பெண்கள், யார் யார் நன்றாகச் சிரிப்பார்கள் என்று பொறுக்கி எடுத்தேன். சிரிப்பில் வகை இருக்கிறது, சும்மா சேர்க்கமுடியாது. குட்டப்பன் என்று ஒரு சுமட்டுக்காரர், அவர் சிரிப்பு அடிகுழாய் மாதிரி. முதலில் வெறும் காற்றுதான் வரும், பிறகு பொங்கிக்கொண்டு வரும். பூக்கார பகவதி ஒரு தடவை தொடங்கினால் வெளியே கொண்டுபோய் முகத்தில் தண்ணீர் தெளிக்கவேண்டும். இவர்களைச் சனிக்கிழமை குளிப்பாட்டி, அலக்கி வெளுத்த வேட்டி கட்டவைத்துக் கூட்டிவந்தேன். அய்யர் சார் பார்த்தார். "இது வேண்டியதாக்குமோ?" என்றார். இந்த ஒரு தடவை பாருங்கள் சார் என்றேன்.

அந்தத் தடவையும் சத்தமில்லை. எனக்கு மண்டை வெடித்துவிடும்போல் இருந்தது. கதவோரம் நின்று பார்த்தேன். அப்போதுதான் கவனித்தேன், எல்லோருடைய தோளும் குலுங்குகிறது. பகவதியின் கண்ணிலிருந்து தண்ணீர் வழிகிறது. சிரிக்கிறார்கள்! ஆனால் ஒவ்வொருவரும் வலது கையால் வாயைப் பொத்திக்கொண்டிருக்கிறார்கள். சிலர் தோளில் கிடந்த தோர்த்துத் துண்டையே வாய்க்குள் திணித்திருந்தார்கள்.

வெளியூர்க்காரர்களுக்கு இது புரியாது. ராஜா காலத்து மனிதர்கள். பெரியவர் முன்னால், அதிகாரி முன்னால் நின்றால் வாயைப் பொத்திக்கொள்ளவேண்டும் என்று அப்பன் காலத்திலிருந்து பழகிய கை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கோட்டு போட்ட ஒருவர் உட்கார்ந்து இவர்களையே பார்த்துக்கொண்டிருக்கிறார். கை வாய்க்குப் போகாமல் வேறெங்கே போகும்? ராஜ்யம் போய்விட்டது, சர்க்கார் மாறிவிட்டது என்று கையிடம் யாரும் சொல்லவில்லை. மறுவாரம் நான் தனித்தனியாகச் சொல்லிப் பார்த்தேன். பொத்தாதீர்கள், வாயைத் திறந்து சிரிக்கத்தான் உங்களைக் கூப்பிட்டிருக்கிறது என்றேன். சரி சரி என்றார்கள். விளக்கு எரிந்தது, பொத்தினார்கள்.

குட்டப்பனிடம் சண்டை போட்டேன். அவர் அழாத குறையாகச் சொன்னார்: "சாரு அவிடெ இருந்து நோக்குது அண்ணா. கை தன்னால போவுது. நான் வேணும்னு செய்ததில்ல."

கண்ணாடியில் திரை போடலாமா என்று எஞ்சினியரிடம் கேட்டேன், என்னையே திரைபோட்டு மூடிவிடுவேன் என்பதுபோலப் பார்த்தார். யோசித்துக்கொண்டே திங்கட்கிழமை சாலைப் பக்கம் நடந்தேன். அங்கே ஒரு வண்டியிலிருந்து எண்ணெய்ப் பீப்பாய்களைக் கயிற்றில் கட்டி இறக்கிக்கொண்டிருந்தார்கள். எதிரே கடை முதலாளி நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார். அவர் முன்னாலேயே யாரோ எதையோ சொல்ல, குட்டப்பன் முதல் அத்தனை பேரும் தெரு அதிரச் சிரிக்கிறார்கள். வாயைப் பொத்தவில்லை. எப்படிப் பொத்துவார்கள்? இரண்டு கையும் கயிற்றில் அல்லவா இருக்கிறது!

அங்கேயே ஒரு சுருள் கயிறு வாங்கினேன். நல்ல முறுக்கேறிய தேங்காய்நார்க் கயிறு.

சனிக்கிழமை நாற்காலி வரிசைகளின் ஊடே முன்னும் பின்னும் பாம்புபோல வளைத்து அந்தக் கயிற்றைக் கொண்டுபோனேன். எல்லோர் மடியிலும் அது வருகிற மாதிரி. நுனியை மைக் ஸ்டாண்டின் பக்கத்துச் சுவர்க் கொக்கியில் மாட்டினேன். அந்தக் காலத்தில் வீட்டு ரேடியோவுக்கே மாடியில் இரண்டு மூங்கில் நட்டு, நடுவே கம்பியை இழுத்துக் கட்டவேண்டும். ஏரியல் தொய்ந்தால் சத்தம் தொய்யும் என்று குழந்தைகூடச் சொல்லும். ஆகவே நான் சொன்னதை யாரும் சந்தேகிக்கவில்லை. "இது ஏரியலத் தாங்குத கயிறு. ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கிடணும். ஒருத்தர் விட்டாலும் சத்தம் பாறசாலையிலே நின்னுரும், நாகர்கோவிலுக்குப் போவாது."

சுமட்டுக்காரனிடம் கயிற்றைக் கொடுத்துப் பொறுப்பைச் சொல்லிவிட்டால் போதும். உயிர் போனாலும் விடமாட்டான். விளக்கு எரிந்தது. கோலப்பன் முதல் தள்ளு தள்ளினார். குட்டப்பனின் கை எழுந்தது, கயிறும் கூட எழுந்தது, பதறிக் கீழே இறக்கிக்கொண்டார். வாய் தனியாக அகப்பட்டுக்கொண்டது. முதலில் காற்று வந்தது. பிறகு வந்தது பாருங்கள்! அதற்குப் பின்னால் பகவதி, அதற்குப் பின்னால் மொத்தச் சாலைக் கம்போளமும். ஊஞ்சல் திரும்பி வந்தது. கோலப்பன் முகத்தில் அதுவரை நான் பார்க்காத ஒரு நிம்மதி. எஞ்சினியர் காதிலிருந்து ஹெட்போனைக் கழற்றிவிட்டு, மறுபடி மாட்டிக்கொண்டார்.

முடிந்ததும் அய்யர் சார் உள்ளே வந்தார். குனிந்து கயிற்றைத் தொட்டுப் பார்த்தார், அது போகிற வழியெல்லாம் நடந்தார், கொக்கிவரைக்கும் வந்து, அங்கே எந்தக் கம்பியும் இல்லை என்று கண்டார். என்னைப் பார்த்தார்.

"இது வேண்டியதாக்குமோ?"

"வேண்டியதாக்கும் சார்," என்றேன். அந்தக் கேள்விக்குப் பதில் சொன்ன முதல் ஆள் நான்.

அவர் கொக்கியை ஒருமுறை ஆட்டிப் பார்த்துவிட்டுப் போனார். அடுத்த வாரமும் கயிறு போட்டேன். அடுத்தடுத்த வாரமும் போட்டேன். பெரிய மனிதர்களும் வரத் தொடங்கினார்கள், அவர்கள் கையிலும் கொடுத்தேன். கயிறு கைக்கு வந்தால் பட்டுப்புடவையும் சிரிக்கும் என்பதை நான் கண்ணால் கண்டவன். நாகர்கோவிலில் டீக்கடைகளில் 'சந்தை' நேரத்தில் கூட்டம் நின்று கேட்பதாகச் சொன்னார்கள்.

இப்படிப் போய்க்கொண்டிருக்கும்போது டெல்லியிலிருந்து ஒரு பெரிய அதிகாரி வருகிறார் என்று செய்தி வந்தது. இத்தனை நாற்காலி, வாத்தியம், ஆட்கள் எதற்கு, அந்த நேரத்துக்கு நாலு இசைத்தட்டைப் போட்டால் போதாதா என்று மேலே யாரோ கேட்டிருக்கிறார்கள். அவர் ஒரு சனிக்கிழமை நேரில் உட்கார்ந்து பார்த்துவிட்டு, நிகழ்ச்சி வேண்டுமா வேண்டாமா என்று முடிவு சொல்லுவார். கோலப்பன் மகளின் கல்யாணத்துக்கு அப்போது ஒரு மாதம்தான் இருந்தது. வேண்டாம் என்று டெல்லிக்காரர் சொல்லிவிட்டால் மணமேடையில் பெண்ணுக்கு அப்பன் யாராக நிற்பார்? மறுபடியும் கம்பெனி இல்லாத கூத்தாடியாகத்தான்.

டெல்லிக்காரர் வருகிற சனிக்கிழமை மத்தியானம் அய்யர் சார் என்னைக் கூப்பிட்டார். கயிறு வேண்டாம் என்றார். டெல்லிக்காரர் கேட்டால் என்ன சொல்வது, சர்க்கார் ஸ்டுடியோவில் இப்படி ஒரு பொய்யை வைத்துக்கொண்டு இருக்கிறோம் என்று சொல்வதா என்றார். ஜனங்கள் இத்தனை நாள் சிரித்துப் பழகிவிட்டார்கள், இனிமேல் தானாகச் சிரிப்பார்கள் என்றும் சொன்னார். படித்தவர் சொல்கிறார், நான் சுருட்டி மூலையில் வைத்தேன்.

டெல்லிக்காரர் ஆறடி உயரம், கழுத்தில் டை. கண்ணாடி அறைக்குள் உட்காரச் சொன்னதற்கு, வேண்டாம், கூட்டத்தோடு இருந்து பார்க்கிறேன் என்று முதல் வரிசை நடுவில் வந்து உட்கார்ந்தார். போதாதா? விளக்கு எரிகிறது, அத்தனை வலது கையும் ஒன்றாக மேலே போயிற்று. டிரில் செய்த மாதிரி இருந்தது. கோலப்பன் கத்தரிக்காய்க்கு விலை சொல்லிவிட்டு நின்றார். ஒன்றுமில்லை. பூசணிக்காய்க்கு வந்தார். ஒன்றுமில்லை. டெல்லிக்காரருக்குத் தமிழும் தெரியாது, மலையாளமும் தெரியாது. அவர் கடிகாரத்தைப் பார்த்தார். கண்ணாடிக்குப் பின்னால் அய்யர் சார் கோட்டுப் பொத்தானைக் கழற்றி உள்ளே கைவிட்டவர், விட்ட கையை எடுக்காமலே உட்கார்ந்திருந்தார்.

பாட்டு தொடங்கியது. ஒரு பாட்டு நேரம்தான் எனக்கு இருந்தது. மூலைக்குப் போய்க் கயிற்றை எடுத்தேன். ஸ்டுடியோவில் மைக் உயிரோடு இருக்கிறது, ஒரு சத்தம் வந்தால் நாகர்கோவில்வரை கேட்கும். தரையோடு தரையாகப் படுத்து நாற்காலிக் கால்களுக்கு நடுவே ஊர்ந்தேன். பியானோவை முனகாமல் ஏற்றியவனுக்கு இது ஒரு வேலையா? கடைசி வரிசையிலிருந்து ஆரம்பித்து ஒவ்வொரு மடியாக ஏற்றிக்கொண்டு வந்தேன். கயிறு மடியில் பட்டதும் கைகள் தாமாகவே வாயிலிருந்து இறங்கிப் பிடித்துக்கொண்டன. முதல் வரிசைக்கு வந்தேன். நடுவில், வாசலில் கழற்றாமல் வந்த டெல்லிக்காரரின் பளபளக்கிற சப்பாத்து. இவரை மட்டும் விட்டுவிட்டால் எல்லோரும் அவர் வெறும் கையைப் பார்ப்பார்கள். நான் நினைத்துப் பார்க்கவில்லை, அவர் மடியிலும் போட்டுவிட்டேன்.

அவர் குனிந்து என்னைப் பார்த்தார். நான் கீழே கிடந்தபடியே இரண்டு கையாலும் பிடிக்கவேண்டும் என்று சைகை காட்டினேன். இடமும் வலமும் பார்த்தார், எல்லோரும் பிடித்திருக்கிறார்கள். இந்த ஊர் வழக்கம் போலிருக்கிறது என்று நினைத்திருப்பார். பிடித்துக்கொண்டார்.

பாட்டு முடிந்து கோலப்பன் மறுபடி தொடங்கினார். அப்போது டெல்லிக்காரர் ஒரு காரியம் செய்தார். தன் பக்கம் கயிறு தொய்ந்திருக்கிறதே என்று, பொறுப்பான மனிதர் அல்லவா, ஒரு இழு இழுத்தார். மறுமுனையில் குட்டப்பன். கயிறு இழுபட்டால் எதிர்த்து இழுப்பது அவருக்கு மூச்சுவிடுகிற மாதிரி. இழுத்தார். ஆறடி மனிதர் நாற்காலியிலிருந்து பாதி எழும்பி நின்றார்.

பகவதிதான் முதலில் வெடித்தாள். பிறகு அறையே வெடித்தது.

வசனத்தாளில் அந்த இடத்தில் புடலங்காய்தான் இருந்தது. கோலப்பன் தாளைப் பார்க்கவில்லை. கையிலிருந்த அத்தனை தாளையும் தரையில் விட்டார். ஒப்புதல் வாங்காத சொல்லைத் தன் வாழ்நாளில் முதல்தடவையாக அந்த மைக்கில் சொன்னார்:

"ஏய், மெதுவா இழுங்கடே, தேர் தெக்குத் தெரு திரும்புது! முன்னால நிக்க பெரியவரே, வடத்த விட்டுராதியும் வேய். நீரு விட்டா சாமி நடுரோட்டுல நின்னுரும்!"

நாஞ்சில் நாட்டுக்காரனுக்கும் திருநெல்வேலிக்காரனுக்கும் அதற்குமேல் என்ன வேண்டும்? கையில் கயிறு, முன்னால் பெரிய மனிதர், தேர் என்று சொல்லியாயிற்று. சிரித்தபடியே ஆடத் தொடங்கிவிட்டார்கள். கோலப்பன் தேரைத் தெருத் தெருவாக இழுத்துக்கொண்டு போனார். ஒரு மூலையில் சக்கரம் ஓடையில் இறங்கியது, ஒரு மூலையில் பட்டர் தேரிலிருந்து இறங்கி டீ குடிக்கப் போனார். டெல்லிக்காரருக்கு ஒரு சொல் புரியவில்லை. ஆனால் எல்லோரும் தன்னைப் பார்த்துத்தான் சிரிக்கிறார்கள் என்பது புரிந்துவிட்டது. ஒரு கணம் முகம் சிவந்தது. பிறகு அவரும் சிரித்தார். வடநாட்டுத் தொண்டை, குட்டப்பனே திரும்பிப் பார்த்தார்.

நான் கண்ணாடியைப் பார்த்தேன். அய்யர் சாரின் ஒரு கை அந்தத் திருகின்மேல் இருந்தது. திருகினால் கோலப்பனின் கதை முடிந்தது. சட்டப்படி திருகத்தான் வேண்டும். அவர் விரல்கள் அதைப் பிடித்தன, விட்டன, மறுபடி பிடித்தன. அப்புறம் அந்தக் கையை எடுத்துத் தன் வாயைப் பொத்திக்கொண்டார். தோள் குலுங்கியது.

நிகழ்ச்சி முடிந்ததும் டெல்லிக்காரர் கயிற்றைத் தூக்கிக் காட்டி இங்கிலீஷில் கேட்டார். அய்யர் சார் இங்கிலீஷில் பதில் சொன்னார். ரசிகர்களையும் நிகழ்ச்சியில் சேர்த்துக்கொள்ளத் தாம் கண்டுபிடித்த முறை என்று சொன்னதாக எஞ்சினியர் பிறகு எனக்குச் சொன்னார். அபாரம், இதை விடாதீர்கள் என்று டெல்லிக்காரர் அவர் முதுகில் தட்டினார். எந்தச் சொல் தாளில் இருந்தது, எது இல்லை என்று அவருக்கு எப்படித் தெரியும்? தெரிந்தவர் அய்யர் சார் ஒருவர்தான். கோலப்பன் பக்கம் போய், "இது வேண்டியதாக்குமோ?" என்று கேட்டார், ஆனால் குரலில் பழைய கனம் இல்லை. தேர் இழுத்தால் சத்தம் போடாமல் முடியுமா சார் என்றார் கோலப்பன். மறுநாள் சுசீந்திரத்திலிருந்து வந்த ஒருவர், நேற்று திருவனந்தபுரத்தில் எந்தக் கோயிலில் தேர் என்று என்னிடமே கேட்டார்.

எனக்குப் பொறுக்கவில்லை. அய்யர் சாரிடம் நேராகவே கேட்டேன், என் பெயரைச் சொல்லியிருக்கலாமே என்று.

அவர் கதவைச் சாத்திவிட்டு வந்தார். "தாணு, உன் பேரைச் சொன்னா, கயிறு எதுக்குன்னு உன்னைக் கூப்பிட்டுக் கேப்பார். ஏரியல்னு சொல்லி ஜனங்களைப் பிடிக்க வெச்சேன்னு நீ பெருமையாச் சொல்லுவே. எனக்கு உன்னைத் தெரியாதா? அப்புறம் நீ, கோலப்பன், நான் மூணு பேரும் சேர்ந்து வீட்டுக்குப் போகலாம். அவன் பொண்ணு கல்யாணம் வரைக்குமாவது மிண்டாம இரு, கேட்டியா."

மிண்டாமல், வாய் திறக்காமல் இருந்தேன். கல்யாணம் நடந்தது. பந்தலில் கோலப்பன் என்னைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய் மாப்பிள்ளையின் அப்பாவிடம், "எங்க ரேடியோவத் தாங்குதவரு இவருதான்" என்றார். அவர் என்னை எஞ்சினியர் என்று நினைத்து இலையில் இரண்டு தடவை பாயசம் விடச்சொன்னார். நான் மறுக்கவில்லை.

நாஞ்சில் நாடு தமிழ்நாட்டோடு சேருகிறவரைக்கும் 'சந்தை' நடந்தது. கோலப்பன் கடைசிவரைக்கும் அதில் காய் விற்றார், பிறகு அதே நிலையத்தில் நாடகப் பகுதியிலேயே இருந்து ஓய்வு பெற்றார். அய்யர் சார் உத்தியோக உயர்வில் சென்னைக்குப் போனார். அங்கே கூட்டங்களில் தம் முறையைப் பற்றிப் பேசினாராம். பேசட்டும். திருகைத் திருகாமல் விட்டவர் அவர், அந்தப் பெருமையை நான் தட்டிப்பறிக்கமாட்டேன். ஆனால் கயிறு என்னுடையது.

போன வாரம் நிலையத்திலிருந்து இரண்டு பேர் வீட்டுக்கு வந்தார்கள். பழைய நிகழ்ச்சிகளைப் பற்றி ஒரு புத்தகம் போடுகிறார்களாம். 'சாயங்காலச் சந்தை'க்கு ஒரு பக்கம் ஒதுக்கியிருக்கிறார்கள். எழுதியவர் பெயர் இருக்கிறது, இசையமைத்தவர் பெயர் இருக்கிறது, கோலப்பன் இருக்கிறார், அய்யர் சார் கோட்டோடு படத்தில் இருக்கிறார். கீழே, ரசிகர்களின் இயல்பான சிரிப்பு இந்நிகழ்ச்சிக்கு மெருகூட்டியது என்று போட்டிருக்கிறார்கள். இயல்பாம்! நான் தரையில் ஊர்ந்தது அவர்களுக்கு இயல்பாகிவிட்டது. நீங்கள் அப்போது நாற்காலி போட்டவர்தானே ஐயா என்று வந்தவர்களில் ஒரு பெண் மரியாதையாகத்தான் கேட்டாள். ஆமாம், நாற்காலியும் போட்டேன் என்றேன்.

இப்போது யாரும் யாரையும் வீட்டுக்கு அனுப்பமுடியாது. அய்யர் சாரும் இல்லை, கோலப்பனும் இல்லை, டெல்லிக்காரர் எங்கே இருக்கிறாரோ. மிண்டாமல் இருக்கவேண்டிய அவசியம் எனக்கு இனிமேல் இல்லை. புத்தகம் போடுகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். பொன்னாடை வேண்டாம், படம்கூட வேண்டாம். எழுத்து, இசை, நடிப்பு என்று வரிசையாகப் போட்டிருக்கிறீர்களே, அதன் கீழே அதே அளவு எழுத்தில் ஒரு வரி சேருங்கள். கயிறு: சாலை தாணுலிங்கம்.